சனிக்கிழமைப் புழுக்கள்

செய்தி வந்தபோது மணி எட்டு ஐம்பது. எவாஞ்சலின் உயிரியல் ஆய்வகத்தின் ஜன்னல்களைத் திறந்துகொண்டிருந்தாள். இரண்டைத் திறந்தாயிற்று. மூன்றாவதின் கொக்கி துரு ஏறி இறுகியிருந்தது. அதோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தபோது தலைமையாசிரியர் ஜெயராமன் வராந்தாவில் நடந்து வந்தார். எது வேண்டுமானாலும் ஆள் விட்டுச் சொல்லி அனுப்புகிறவர் அவர். பதினோரு வருஷத்தில் காலை நேரத்தில் லேபுக்குத் தானாக வந்ததில்லை. அவரைக் கண்டதும் அவள் கொக்கியை விட்டாள்.

"எவாஞ்சலின், மணிமொழி டீச்சர் தவறிட்டாங்கம்மா. காலைல ஆறரைக்கு. நெஞ்சு வலின்னு உட்கார்ந்தாங்களாம். வண்டி எடுக்கறதுக்குள்ள..."

"சார், டீச்சருக்கு ரெண்டாவது பீரியட் பிளஸ் ஒன் கிளாஸ் இருக்கு" என்றாள் எவாஞ்சலின்.

ஏன் அப்படிச் சொன்னாள் என்று அவளுக்கே தெரியவில்லை. ஜெயராமன் "தெரியும்மா" என்று மட்டும் சொல்லிவிட்டுத் திரும்பிப் போனார்.

எவாஞ்சலினுக்கு ஊர் குள்ளஞ்சாவடி. கடலூரில் விலங்கியல் பட்டம் படித்தவள். கணவன் சைமன்ராஜ் கூட்டுரோட்டில் டூவீலர் ஒர்க்‌ஷாப் வைத்திருக்கிறான். மூன்று மாத விடுப்புக்குப் பதிலாளாக நெய்வேலிப் பள்ளிக்கு லேப் அசிஸ்டெண்டாக வந்தவள், கான்ட்ராக்டிலேயே பதினோரு வருஷம் இருந்துவிட்டாள். தினமும் இரண்டு பஸ் மாறி, சுரங்கத் தொழிலாளர்கள் குடியிருக்கும் நகரியத்துக்கு வருவாள். பிள்ளைகளுக்கு அவள் லேப் அக்கா. பயந்த சுபாவம். கேஸ் குழாயை மூடிவிட்டு வாசல்வரை போய்த் திரும்பி வந்து தொட்டுப் பார்ப்பாள். சில நாள் பஸ் ஸ்டாப்பிலிருந்தும் திரும்பி வருவாள். "எவா, நீ மட்டும் இல்லேன்னா இந்த லேப் எப்பவோ வெடிச்சிருக்கும். நீ இருக்கறதால நான்தான் வெடிச்சிடுவேன் போல" என்று மணிமொழி டீச்சர் சிரிப்பார்.

மணிமொழி சேத்தியாத்தோப்பிலிருந்து கல்யாணமாகி நகரியத்துக்கு வந்தவர். கணவர் சுரங்கத்தில் ஷிப்ட் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். டீச்சருக்கு ஓய்வு பெற இன்னும் இரண்டு வருஷம் இருந்தது. அதற்குள் ஒரே ஓர் ஆசை. வருஷா வருஷம் நடக்கும் பள்ளிகளுக்கு இடையிலான அறிவியல் கண்காட்சியில் ஒரு தடவையாவது உயிருள்ள சோதனை ஒன்றை வைத்துவிட வேண்டும். "தெர்மோகோல் எரிமலை, தெர்மோகோல் இதயம், தெர்மோகோல் கிணறு. உசுரோட அசையற ஒண்ணு ஒரு தடவையாவது மேஜை மேல இருக்கட்டுமே எவா." மூன்று வருஷம் கேட்டு, இந்த வருஷம்தான் ஜெயராமன் தலையாட்டினார். அதுவும் அரை மனதாக.

சோதனை இதுதான். ஈயின் புழு வெளிச்சத்தைக் கண்டால் என்ன செய்யும்? ஒரு தட்டில் கறுப்புச் சார்ட் தாளை விரித்து, பாதியை அட்டையால் மூடிவிட வேண்டும். மூடாத பாதிக்கு மேலே விளக்கு. நடுக்கோட்டில் இருபது புழுக்களை மெல்லிய பிரஷ்ஷால் எடுத்து வைத்து, மூன்று நிமிஷம் கழித்து எந்தப் பக்கம் எத்தனை என்று எண்ண வேண்டும். பழைய குண்டு பல்பு வேண்டாம், எல்.இ.டி. விளக்குதான் வேண்டும் என்று டீச்சர் சொல்லியிருந்தார். குண்டு பல்பு சுடும். புழு ஓடினால் சூட்டுக்கு ஓடியதா வெளிச்சத்துக்கு ஓடியதா என்று யார் சொல்வது? இதெல்லாம் நாலு பக்கத்தில் நீல மையில் எழுதி லேப் மேஜை டிராயரில் இருந்தது.

மூன்றாம் பக்கத்தில் ஒரு வரிக்கு அடியில் இரண்டு கோடு. 'பொரித்து நாலு நாள் ஆனதும் புழு தீனியை விட்டு விலகும். அப்போதிருந்து ஒன்றரை நாள்தான் வெளிச்சத்தை விட்டு நன்றாக ஓடும். அதற்கு முன்பு தீனி நினைப்பு. அதற்குப் பின்பு கூட்டுப்புழுவாக இறுகிவிடும். நாள் தவறக் கூடாது.'

கண்காட்சி வெள்ளிக்கிழமை. அன்று திங்கள்.

பத்து மணிக்கு மைதானத்தில் இரங்கல் கூட்டம் நடந்தது. இரண்டு நிமிஷ மௌனத்துக்குப் பிறகு, புதன்கிழமை காலை திறக்கும்வரை பள்ளிக்கு விடுமுறை என்று அறிவித்தார்கள். கலைந்து போகும் கூட்டத்தில் ஜெயராமன் எவாஞ்சலினைக் கூப்பிட்டார்.

"கண்காட்சிக்குப் பேர் கொடுக்க வியாழன் நாலு மணி கடைசி. அந்தப் புழு விஷயத்தை விட்டுடலாம்மா. போன வருஷ மழைநீர் சேகரிப்பு மாடல் ஸ்டோர்ல இருக்கு. தூசி தட்டி வெச்சிடலாம்."

ஜெயராமன் சொல்லி எவாஞ்சலின் மறுத்ததில்லை. இப்போதும் மறுக்கத்தான் வாயெடுத்தாளா என்று அவளுக்கே நிச்சயமில்லை. "டீச்சர் எல்லாம் எழுதி வெச்சிருக்காங்க சார். புழுவும் பொரிச்சிடுச்சு. அது காத்திருக்காது" என்றாள்.

"யார் செய்வா?"

"நானும் பிளஸ் ஒன் அபியும்."

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். கண் கலங்கியிருந்தது. "புதன்கிழமை எனக்கு ஒரு தடவை ஓட்டிக் காட்டுங்க. ஓடலேன்னா மழைநீர்தான். அவங்க பேரைச் சொல்லி நாலு பேர் சிரிக்கற மாதிரி ஆகக் கூடாது. புரியுதா?"

புரிந்தது. தலையாட்டிவிட்டுப் புழுவைப் பார்க்கப் போனாள்.

புழு இருந்த பாட்டில் லேபில் இல்லை. மீன் செவுளை வைத்து ஈயை முட்டையிட விட்டு வளர்த்தவை அவை. நாற்றம் ஸ்டாப் ரூம்வரை வந்துவிடும் என்று எல்லோரும் கூச்சல் போட்டதில், பின்பக்கச் சைக்கிள் ஷெட்டில்தான் இடம் கிடைத்தது. எறும்பு ஏறாமல் தண்ணீர்க் கிண்ணத்தின் நடுவே பாட்டில் நின்றிருந்தது. வாயில் வேட்டித் துணி. போன வெள்ளியும் சனியும் எவாஞ்சலின் தங்கை வீட்டு விசேஷத்துக்காக லீவு. செவுளை வைத்ததெல்லாம் டீச்சரே. பாட்டிலில் கட்டியிருந்த அட்டையில் கோணல் எழுத்தில் ஒரே வரி: 'பொரிச்சது. சனி. 4.40.'

அது டீச்சரின் கையெழுத்து இல்லை. ராத்திரி வாட்ச்மேன் கொளஞ்சியப்பனுடையது. முட்டை பொரிக்கும் நேரத்தைக் கவனித்து எழுதச் சொல்லி டீச்சர் அவரிடம் டார்ச் கொடுத்து வைத்திருந்தார். எவாஞ்சலின் யோசித்தாள். கொளஞ்சியப்பன் இருப்பது ராத்திரி மட்டும். அப்படியானால் சாயங்காலம் நாலு நாற்பது இல்லை, விடியற்காலை நாலு நாற்பது. சனிக்கிழமை விடியற்காலை. விரல் விட்டு எண்ணினாள். நாலு நாள் என்றால் புதன் விடியற்காலை. வெள்ளிக்கிழமை பத்து மணிக்கு ஆறு நாள் தாண்டிவிடும். எல்லாம் இறுகிப் பழுப்புக் கொட்டையாகக் கிடக்கும்.

மறுபடி எண்ணினாள். அதே கணக்குத்தான் வந்தது.

டீச்சரா இப்படிப் பிசகினார்? போன வாரம் முழுக்க அவர் மாடிப்படியில் பாதியில் நின்று மூச்சு வாங்கியதை எவாஞ்சலின் பார்த்திருந்தாள். "வயசாவுது எவா, வேற என்ன" என்று அவர் சொன்னதை அப்படியே நம்பிவிட்டாள். உடம்பு முடியாமல்தான் நாளைத் தப்பாகக் கணக்குப் போட்டிருக்கிறார், அதையும் நான் கவனிக்கவில்லை என்று நினைத்தபோதுதான் அன்றைக்கு முதன்முதலாக அவளுக்கு அழுகை வந்தது.

கணக்கைச் சரிசெய்ய ஒரே வழி, புழுவை நிறுத்தி வைப்பது. குளிரில் புழு வளராது. இரண்டு நாள் பள்ளி பூட்டிக் கிடக்கும். அதனால் பாட்டிலைத் துணிப்பையில் போட்டுக் கையோடு எடுத்துக்கொண்டாள்.

அந்தப் பையோடுதான் சாவு வீட்டுக்கும் போக வேண்டியிருந்தது. டீச்சரின் குவார்ட்டர்ஸ் வாசலில் சாமியானா போட்டிருந்தார்கள். பையை உள்ளே கொண்டுபோக மனம் வரவில்லை. கேட்டுக்கு வெளியே ஒரு ஸ்கூட்டரின் கொக்கியில் மாட்டிவிட்டு உள்ளே போனாள். டீச்சரின் முகத்தில் ஈ உட்காராமல் உறவுக்காரப் பெண் ஒருத்தி முறத்தால் விசிறிக்கொண்டிருந்தாள். எவாஞ்சலினால் அங்கே நிற்க முடியவில்லை. ஸ்கூட்டர்காரர் கிளம்பிவிடுவாரோ, பை விழுந்துவிடுமோ, யாராவது பிரித்துப் பார்த்துவிடுவார்களோ என்று திரும்பித் திரும்பி வாசலைப் பார்த்தாள். மாலையைக் காலடியில் வைத்ததும் வெளியே வந்துவிட்டாள். அழக்கூட இல்லை என்று யாராவது நினைத்திருப்பார்கள்.

வடலூர் பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்த பெண் இரண்டு தடவை மூக்கை உறிஞ்சினாள். "கருவாடாம்மா?"

"ஆமாங்க."

"நல்லா காயல போல."

வீட்டில் சைமன்ராஜ் ஃப்ரிட்ஜைத் திறந்தவன் திறந்தபடியே நின்றான். "எவா, இங்க வா. காய்கறி டிரேல என்ன இது நெளியுது?"

"மூணு கவர் போட்டுக் கட்டியிருக்கேன்ல."

"மூணு கவர் போட்டா புழு வெண்டைக்காய் ஆயிடுமா?"

"டீச்சரோடதுங்க" என்றாள்.

அவன் கதவை மெதுவாகச் சாத்தினான். மேல்தட்டில் இருந்த குழம்புப் பாத்திரத்தை மட்டும் சத்தமில்லாமல் எடுத்துக்கொண்டு போனான். அன்றும் மறுநாளும் ஓட்டலில் வாங்கி வந்தான்.

புதன்கிழமை காலை ஒன்பதரைக்கு லேபில் தட்டு தயாராக இருந்தது. அபி பிரஷ் பிடித்தாள். ஒல்லியான பெண். கை நடுங்காமல் வேலை செய்வாள், வாய்தான் நிற்காது. "அக்கா, இதுங்க ரொம்பச் சின்னதா இல்ல? டீச்சர் படத்துல காட்டினது கொழுகொழுன்னு இருந்துச்சே."

"குளிர்ல இருந்துச்சில்ல, சுருங்கியிருக்கும்."

ஜெயராமன் கைக்கடிகாரத்தைப் பார்த்தபடி நின்றார். மூன்று நிமிஷம் ஆயிற்று. சில புழுக்கள் வைத்த இடத்திலேயே கிடந்தன. சில விளக்கின் கீழே போய்த் தலையை ஆட்டி எதையோ தேடின. அபி எண்ணினாள். "இருட்டுல ஒம்பது. வெளிச்சத்துல பதினொண்ணு."

"பாதிக்குப் பாதி. நாணயம் சுண்டினாலும் இதான் வரும்" என்றார் ஜெயராமன்.

எவாஞ்சலின் ஏதாவது சொல்லியாக வேண்டும் என்ற பதற்றத்தில், "டீச்சர் நாள் கணக்குல ஒரு தப்பு பண்ணிட்டாங்க சார். அதைச் சரி பண்ணத்தான் ஃப்ரிட்ஜுல வெச்சேன். நாளைக்குச் சரியாயிடும்" என்றாள்.

"டீச்சரா?" என்றாள் அபி.

"அவங்களுக்கு உடம்பு முடியலல்ல அபி."

ஜெயராமன் "நாளைக்கு மூணு மணி. அதோட சரி" என்று சொல்லிவிட்டுப் போனார்.

அன்று பகல் முழுக்க அவளுக்கு எதுவும் ஓடவில்லை. அபி சொன்னது மட்டும் உறுத்திக்கொண்டே இருந்தது. லென்ஸ் வைத்துப் பார்த்தாள். புழுக்கள் உண்மையிலேயே சின்னவை. வெறும் குளிரால் அவ்வளவு சுருங்காது. செவுளில் முகம் புதைத்து இன்னும் தின்றுகொண்டிருந்தன. நாலரை நாள் ஆன புழு, ஒன்றரை நாளைக் குளிரில் கழித்தாலும், இப்படியா இருக்கும்? தான் சொன்ன விளக்கத்தில் எங்கேயோ ஓட்டை இருந்தது. பள்ளி விட்டதும் அவள் பஸ்ஸுக்குப் போகாமல் சைக்கிள் ஷெட்டில் காத்திருந்தாள்.

ஆறு மணிக்குக் கொளஞ்சியப்பன் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வந்தார். "என்னாம்மா, இன்னும் வூட்டுக்குப் போவலையா?"

"அண்ணே, இந்த அட்டை நீங்க எழுதினதுதானே?"

"நான்தான். முட்டை மேல ஊசி முனையாட்டம் அசைஞ்சிகினு இருந்துச்சி. டார்ச்ச அடிச்சிப் பாத்தேன், மணியப் பாத்தேன், எழுதிட்டேன். ஏன், எழுத்து புரியலையா?"

"சனிக்கிழமை விடியக்காலைதானே?"

"விடியக்காலைதான். சனிக்கெழம ஷிப்ட்டு."

"ஷிப்ட்டுன்னா?"

அவர் ஒரு மாதிரியாகப் பார்த்தார். "சனிக்கெழம ராத்திரி ஏறுனா ஞாயித்துக்கெழம காலையில எறங்குவேன். எறங்குற வரைக்கும் அது சனிக்கெழம கணக்குதாம்மா. மைன்ஸ்ல முப்பது வருஷம் கான்ட்ராக்ட்ல நைட் பாத்தேன். நடுராத்திரில தேதிய மாத்துனா ரிஜிஸ்டர் என்னாத்துக்கு ஆவும்?"

"அப்ப இது பொரிச்சது ஞாயித்துக்கிழமை காலைல."

"ஆமா. சனிக்கெழம மத்தியானம்தான டீச்சரு செவுளே வாங்கியாந்தாங்க. அதுக்கு முந்தி எப்படிப் பொரிக்கும்?"

எவாஞ்சலின் அட்டையை மறுபடி படித்தாள். "நீங்க எழுதற கணக்கு டீச்சருக்குத் தெரியுமா?"

"தெரியாம? அவங்க வூட்டுக்காரரு நைட் ஷிப்ட்டுல ஊறுனவராச்சே. மூத்த புள்ள விடியக்காலைல பொறந்தப்ப, ஆஸ்பத்திரி பாரத்துல மொத நாளு தேதிய எழுதி நர்ஸம்மாகிட்ட திட்டு வாங்குனாராம். டீச்சரு அதச் சொல்லிச் சொல்லிச் சிரிச்சிகினு இருப்பாங்க." சொன்னவர் சட்டென்று நிறுத்தினார். துண்டை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

ஞாயிறு விடியற்காலை. நாலு நாள் என்றால் வியாழன் விடியற்காலை. வெள்ளிக்கிழமை பத்து மணிக்கு, தீனியை விட்டு விலகி, இறுகாமல், ஓட்டத்தின் உச்சத்தில் இருக்கும். டீச்சரின் கணக்கு மணி பிசகாத கணக்கு. நகரியத்தில் யாரைக் கேட்டிருந்தாலும் அந்த அட்டையைப் படித்துச் சொல்லியிருப்பார்கள். குள்ளஞ்சாவடிக்காரி யாரையும் கேட்கவில்லை. கேட்காமல், சரியாகப் போய்க்கொண்டிருந்த புழுக்களை ஒன்றரை நாள் குளிரில் நிறுத்தி வைத்துவிட்டு, செத்துப்போனவர்மேல் பழியையும் போட்டாள். அதுவும் அவருடைய மாணவியை வைத்துக்கொண்டு.

"இனிமே குளிர் கூடாதுண்ணே. எவ்வளவு சூடா இருக்குதோ அவ்வளவு நல்லது" என்றாள்.

"அதோ அந்தத் தகரத்துக்கு அடில வையி. பகல்ல அங்க கைய வெக்க முடியாது. பொழுது சாஞ்சும் கதகதன்னுதான் இருக்கும். அப்புறம் நான் வேணா என் கம்பளியச் சுத்தி வெக்கறேன்."

"புழு பாட்டிலுக்கா?"

"மைன்ஸ் பம்பு ரூம்ல எலிக்கே சுத்தி வெச்சவன் நானு."

அவர் புது அட்டையில் பழையபடியே 'சனி. 4.40' என்று எழுத, அவள் அதற்குப் பக்கத்திலேயே 'ஞாயிறு விடியற்காலை' என்று காலண்டர் கணக்கையும் தன் கையால் எழுதினாள். கொளஞ்சியப்பன் அதைப் பார்த்து, "ஒரு புழுவுக்கு ரெண்டு ஜாதகமா?" என்றார்.

வியாழன் காலை வந்ததும் எவாஞ்சலின் அபியைத் தேடிப் பேசிவிட்டு நேராகத் தலைமையாசிரியர் அறைக்குப் போனாள். அவர் ஏதோ கையெழுத்துப் போட்டுக்கொண்டிருந்தார்.

"சார், நேத்து டீச்சர் தப்பு பண்ணிட்டாங்கன்னு சொன்னேன். அவங்க பண்ணல. நான்தான் பண்ணினேன்." அட்டையைக் காட்டி எல்லாவற்றையும் சொன்னாள்.

ஜெயராமன் அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "இதைச் சொல்லாட்டி எனக்குத் தெரிஞ்சிருக்கவே போறதில்லையேம்மா."

"அபிக்குத் தெரியணும் சார். அவகிட்டயும் சொல்லிட்டேன்."

"அவ என்ன சொன்னா?"

"நான்தான் சின்னதா இருக்குன்னு அப்பவே சொன்னேனேன்னா."

அவர் வாய்க்குள் சிரித்தார். "மூணு மணிக்கு வரேன்."

மூன்று மணிக்குப் புழுக்கள் பருத்திருந்தன. ஆனாலும் பாதிக்கு மேல் இன்னும் செவுளை விடவில்லை. செவுளை விட்டு விலகிப் பாட்டிலின் ஓரம் ஏறியவற்றில் இருபதை மட்டும் அபி பொறுக்கி எடுத்தாள். விளக்கைப் போட்டதும் சில உடனே திரும்பின. சில யோசித்தன. மூன்று நிமிஷம் ஆனதும் ஜெயராமனே குனிந்து பேனா முனையால் எண்ணினார்.

"இருட்டுல பதினாலு. வெளிச்சத்துல அஞ்சு. கோட்டு மேல நிக்கற இது யார் கணக்கு?"

"அது இன்னும் முடிவு பண்ணல சார். நீங்க நிழல் விழாம தள்ளி நின்னா பண்ணும்" என்றாள் அபி.

ஜெயராமன் ஓரடி தள்ளி நின்றார். அந்தப் புழு தலையை இரண்டு பக்கமும் ஆட்டிப் பார்த்துவிட்டு இருட்டுக்குள் போனது. மூன்று ஐம்பதுக்கு அவர் படிவத்தில் எழுதினார். வழிகாட்டி ஆசிரியர் என்ற இடத்தில் மணிமொழி என்று எழுதி, அதற்குக் கீழே எவாஞ்சலின் பெயரையும் எழுதினார்.

வெள்ளிக்கிழமை கண்காட்சி நடந்தது வேறொரு பள்ளியின் அரங்கில். மேஜை ஜன்னலை ஒட்டிப் போடப்பட்டிருந்தது. வெயில் தட்டில் விழுமே என்று பதறி, எவாஞ்சலின் நான்கு பேரைக் கெஞ்சி மேஜையைச் சுவரோரம் தள்ள வைத்தாள். விளக்கின் ஒயரைப் பன்னிரண்டு தடவையாவது தொட்டுப் பார்த்திருப்பாள். பத்தேகாலுக்கு நடுவர்கள் வந்தார்கள், இரண்டு பேர். முதல் ஓட்டத்தில் பதினாறு புழுக்கள் இருட்டுக்குப் போயின. அட்டையை மறுபக்கம் மாற்றி வைத்த இரண்டாவதில் பதினேழு. விளக்கைத் தணித்து வைத்த மூன்றாவதில் பதினைந்து. வேடிக்கை பார்த்த பிள்ளைகள் புழுக்களைக் குதிரைகளைப் போலக் கத்தி விரட்டினார்கள். நடுவரில் ஒருவர், வயதான பெண்மணி, குனிந்து நின்று கேட்டார்.

"ரெண்டு பக்கமும் இருட்டா இருந்தா எங்க போகும்?"

"அதுதான் மேம் நாலாவது ஓட்டம். எங்க டீச்சர் பிளான்ல இருக்கு. ரெண்டு பக்கமும் சமமா பிரிஞ்சாதான் முதல் மூணும் நிஜம்னு எழுதியிருக்காங்க" என்றாள் அபி.

"யார் உங்க டீச்சர்?"

அபி எவாஞ்சலினைப் பார்த்தாள். எவாஞ்சலின்தான் பெயரைச் சொன்னாள். அந்த அம்மாள் எழுதிக்கொண்டார். அதற்குள் அடுத்த மேஜைக்கு மணி அடித்துவிட்டார்கள். நடுவர்கள் நகர்ந்ததும் பின்னால் நின்ற கூட்டம் மேஜையை நெருக்கியது. அதற்கப்புறம் மாலைவரை ஒவ்வொரு பள்ளிப் பிள்ளைகளும் முதல் ஓட்டத்தையே திரும்பத் திரும்பக் காட்டச் சொன்னார்கள்.

முதல் பரிசு வேறொரு பள்ளியின் மழைநீர் சேகரிப்பு மாடலுக்குக் கிடைத்தது. ஜெயராமன் அதைக் கேட்டுவிட்டு எவாஞ்சலினைப் பார்க்காமல் கூரையைப் பார்த்தார். அபிக்குச் சிரிப்பு அடங்க வெகுநேரம் ஆயிற்று.

சனிக்கிழமை மதியம் எவாஞ்சலின் லேபைத் திறந்து பாட்டிலைப் பார்த்தபோது புழுக்களில் முக்கால்வாசி பழுப்பாக இறுகியிருந்தன. மீதி அசையவில்லை. நாலு பக்கத் திட்டத்தின் கடைசித் தாளில் முடிவுகளை எழுத டீச்சர் கோடு போட்டு வைத்திருந்த கட்டங்களில், மூன்றை அவள் நிரப்பினாள். இரண்டு பக்கமும் இருட்டாக வைக்கும் நாலாவது ஓட்டம் இன்னும் நடக்கவில்லை. அதற்கு இனிப் புதிதாகச் செவுள் வைக்க வேண்டும்.